நாற்பது சஹனும் ஒரு நாக்கும்

தென்னை மரத்தடியில் நாற்பது சஹன்கள் அடுக்கியிருந்தன. அவற்றைச் சுற்றி என் உம்மாவும் சாச்சியும் பக்கத்து வீட்டு ரகீமா ராத்தாவும் நின்றார்கள். யாரும் கிட்டப் போகவில்லை, யாரும் விலகவுமில்லை. கிணறு வெட்டும்போது பழைய குண்டு ஒன்று தட்டுப்பட்டால் ஆட்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

அன்று சாச்சியின் மகளுக்கு நிக்காஹ். எங்கள் வளவு பெரியது என்பதால் பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பாடு முடிகிற நேரம் நுரைச்சோலையில் ஒரு தோட்டத்தில் பம்பு நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. நான் போய், வயரை மாற்றிக் கட்டி, இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வந்தால் இந்தக் காட்சி.

"என்ன நடந்த?" என்று கேட்டேன்.

"உன்ட மகள் வாய வச்சிட்டா," என்றார் உம்மா.

எனக்குக் கலியாணம் ஆகவில்லை. உம்மா மகள் என்றது என் நாய் பியூஸை. கோபம் வந்தால் மட்டும் இந்த உறவுமுறை வரும்.

"எதுல வச்சா?"

சாச்சிதான் கண்ட சாட்சி. "என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன். கழுத்துப் பட்டியால தலைய உருவிட்டு வந்து, ஒரு சஹன்ல ஒரே ஒரு நக்கு. நான் செருப்பக் கழட்டி எறிஞ்ச உடன ஓடிட்டு."

"எந்த சஹன், சாச்சி?"

"அது தெரிஞ்சா நான் ஏன், மகள், இப்படி நிக்கப் போறன்? நான் கத்தக் கத்த, கழுவ வந்த பொம்பளையள் எல்லாத்தையும் அடுக்கிட்டாங்க."

சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு. எங்கள் ஊரில் விருந்துச் சஹன்கள் பள்ளிவாசலுக்குச் சொந்தம். இரவல் எடுத்து, கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுநாள் வேறொரு வீட்டு விருந்துக்கு இதே நாற்பதும் போகவேண்டியிருந்தது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். எந்தப் பாத்திரம் என்று தெரியாவிட்டால்?

நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். இருநூற்று எண்பது. வெளியே சொல்லவில்லை.

வேலைக்கு எடுத்த கதை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கிணறுகளைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் கிணற்றில் உப்பு ஏறுவதைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். நாய் குறுக்கே வந்துவிட்டது. நாய்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

எங்கள் ஊரான எத்தாளையில் ஒரு முஸ்லிம் வீட்டில் நாய் எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்பதற்கு முன் ஊரே கேட்டுவிட்டது. என் தொழில் சூரிய மின்சாரத்தில் ஓடும் பம்புகளைப் பொருத்துவதும் திருத்துவதும். ஒரு மழைக்காலத்தில் ஒரு தோட்டத்தில் பம்பின் மின்பெட்டியைத் திறந்தேன். உள்ளே பியூஸ் இருக்கவேண்டிய மூலையில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. கண் திறந்திருக்கவில்லை. பெட்டியின் சூட்டுக்காக அதன் தாய் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். மூன்று நாள் காத்திருந்தும் தாய் வரவில்லை. நான்காம் நாள் குட்டி என் கருவிப் பையில் வீட்டுக்கு வந்தது.

உம்மா வாசலில் கையை விரித்து நின்றார். அப்போது வாப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டக் காவலுக்கு நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு. எங்களுக்கு வீட்டோடு சேர்ந்து பீட்ரூட்டும் மிளகாயும் போடும் தோட்டம் உண்டு. அந்தத் தோட்டத்துக்குப் பகை, கற்பிட்டிப் பாதையெல்லாம் சொந்தக்காரர் போலத் திரியும் கழுதைகள். ஆகவே பியூஸ் வளர்ப்பு நாய் அல்ல, உத்தியோகத்தர். பதவி: கழுதை விரட்டுநர். தங்குமிடம்: தோட்டத்துப் பம்பு அறை. வீட்டுக்குள் அனுமதி இல்லை.

நியமனம் முறையாக நடந்தது. வேலைதான் நடக்கவில்லை. பியூஸ் முதன்முதலாகக் கண்ட கழுதை அவளை மோந்து பார்த்தது. அவளும் மோந்து பார்த்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் நல்ல உறவு. வெயிலில் கழுதையின் நிழலில்தான் படுப்பாள்.

இதை நான் பெரிய குறையாக எடுக்கவில்லை. பதவி ஒன்றும் வேலை வேறொன்றுமாக இருக்கும் பலரை நான் அலுவலகங்களில் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரும் என்னைக் கண்டு வாலாட்டியதில்லை.

ஈரம் கடத்தும்

நாய் வளர்ப்பது லேசு என்று நினைப்பவர்கள், தொழுகையையும் விடாமல் நாயையும் விடாமல் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும்.

அடிப்படை விதி எளிது. உலர்ந்த கை உலர்ந்த ரோமத்தில் பட்டால் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் ஈரமாக இருந்தால் அது நஜீஸை, அதாவது அசுத்தத்தை, கடத்தும். மின்சாரம் படித்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். மழைக்காலத்தில் நான் பியூஸோடு தூரத்திலிருந்து கதைப்பேன். வெயில் காலத்தில் அவள் தலையை என் முழங்காலில் வைப்பாள், மூக்கை மட்டும் மறுபக்கம் திருப்பி வைக்கச் சொல்வேன். மூக்கு எப்போதும் ஈரம்.

அவளுக்கென்று என்னிடம் ஓர் உடுப்பு இருக்கிறது. பழைய விளையாட்டுக் காற்சட்டை, நானா, அதாவது அண்ணன், போட்டுக் கழித்த நீளக்கைச் சட்டை. இரண்டும் பம்பு அறைக்கு வெளியே ஆணியில் தொங்கும். காலையில் அதைப் போட்டுக்கொண்டு வெளி அடுப்பில் குருணல் அரிசியும் சூடை மீன் தலையும் அவிப்பேன். அவளுடைய தட்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, முருங்கைக் கொப்பில் கொளுவியிருக்கிறேன். பிறகு உண்ணி பார்க்கும் வேலை. காது மடலுக்குள், விரல் இடுக்குக்குள், வாலின் அடியில். வயர் பிடுங்கும் குறட்டால் பிடுங்கி, மண்ணெண்ணெய்ப் போத்தலில் போடுவேன். அந்த நேரம் அவள் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விடுவாள். வேலை இடத்தில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

வெள்ளிக்கிழமை, அதே உடுப்போடு, அவளுக்குக் கடலில் குளிப்பு. வலை தைக்கும் ஆட்கள் கரையில் இருந்து பார்ப்பார்கள்.

"தங்கச்சி, நீங்க நாய்க்கு நீந்தப் பழக்கிறயா, நாய் உங்களுக்குப் பழக்கிதா?"

"ரெண்டு பேருக்கும் நேரமிருக்கு, நானா. நீங்க வலையப் பாருங்க."

விசர்நாய்த் தடுப்பூசி போடும் நாளில் விளையாட்டு மைதானத்தில் நீண்ட வரிசை. அபாயா உடுத்திருந்தவள் நான் ஒருத்திதான். ஊசி போட வந்த உத்தியோகத்தர் அட்டையில் எழுத நாயின் பெயரைக் கேட்டார். சொன்னேன். "வீட்டில போகுமே, அந்த பியூஸா?" என்று சிங்களத்தில் கேட்டார். அதேதான் என்றேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பியூஸ் எல்லோருக்கும் பொதுவாக வாலாட்டினாள்.

மண் எது, மணல் எது

சஹன்களுக்கு வருகிறேன்.

அரை மணித்தியாலத்தில் காசிம் மாமா வந்துவிட்டார். உம்மாவின் நானா. பள்ளிவாசல் நிர்வாக சபையில் இருக்கிறார், தீவுகளுக்குப் படகு ஓட்டுகிறார், கேட்காத இடத்திலும் தீர்ப்புச் சொல்கிறார். மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்னரே தீர்ப்பு வந்தது.

"இந்த நாய் நாளைக்கு சுபஹுத் தொழுகையோட உச்சமுனைக்குப் போகுது. ஐஸ் பெட்டியோட ஏத்திவிடுறன். அங்க மீன் இருக்கு. ராசா மாதிரி இருக்கும்."

"அங்க யாரிட்ட விடப் போறீங்க, மாமா?"

"யாரிட்டயும் இல்ல. கரையில."

சொல்லிக்கொண்டே படகுக் கயிற்றால் பியூஸைத் தென்னையில் கட்டினார். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக் கழுத்தை நீட்டிக் கொடுத்தாள்.

உச்சமுனைத் தீவில் சில மீனவர் வாடிகளுக்குச் சூரியத் தகடு பொருத்த நான் போயிருக்கிறேன். இங்கிருந்து கொண்டுபோய் விட்ட நாய்களை அங்கே கண்டிருக்கிறேன். எந்தப் படகின் எஞ்சின் சத்தம் கேட்டாலும் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி வரும். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக மோந்து பார்க்கும். பிறகு திரும்பிப் போய்ப் படுக்கும். அடுத்த படகுக்கும் வரும். விலா எலும்புகளை எண்ணலாம். பியூஸை அங்கே விட நான் சம்மதிக்கப் போவதில்லை. ஆனால் கூட்டத்தில் குரலை உயர்த்துவது என் பழக்கமில்லை. முதலில் சஹன், பிறகு நாய் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன்.

மாமா மௌலவிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மௌலவி புத்தளத்திலிருந்து வரும் பஸ்ஸில் இருந்தார். பின்னால் சினிமாப் பாட்டுச் சத்தம்.

"எதுல வாய் வச்சதுண்டு தெரியாட்டி, பேணுதலுக்கு எல்லாத்தையும் கழுவிடுங்க. மண்ண தண்ணியில கரைச்சுக் கழுவணும். மண்ணுல தூசி இருக்கணும். தண்ணி கலங்கணும்."

எல்லோரும் காலடியைப் பார்த்தோம். எத்தாளை முழுவதும் மணல். வெள்ளையாக, தூசி துரும்பில்லாமல், கழுவித் துடைத்தது போன்ற மணல்.

"இதப் போட்டுக் கழுவினா மணல்தான் சுத்தமாகும்," என்றார் உம்மா.

இப்போது எனக்கு வேலை வந்தது. மண்ணில் எவ்வளவு மணல், எவ்வளவு களி என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைப்பது. ஜாம் போத்தல்களைக் கொண்டுவந்து கிணற்றுக் கட்டில் வரிசையாக வைத்தேன். கிணற்றடி மணல்: குலுக்கிய கையோடு அடியில் போய் உட்கார்ந்தது, மேலே குடிக்கலாம் போல் தண்ணீர். கடற்கரை மணல்: அதைவிடத் தெளிவு. தோட்டத்து மண் நன்றாகக் கலங்கியது. எனக்குச் சந்தோஷம்.

"அது மாட்டெரு போட்ட மண்," என்றார் மாமா. "ஒரு நஜீஸ இன்னொரு நஜீஸால கழுவுறயா?"

அவர் சொன்னது சரி. அந்தப் போத்தலை ஊற்றிவிட்டேன்.

"எங்கட ஊர்ல வீட்டுக்குப் பின்னால வெட்டினா நல்ல களிமண்," என்றார் ரகீமா ராத்தா. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வரும்போது அவர் சிறுமி. எத்தாளையில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார். இன்னும் எங்கட ஊர் என்றால் மன்னார்தான்.

"அப்ப மன்னாருக்குக் கொண்டுபோய்க் கழுவிட்டு வாங்க," என்றார் மாமா.

"வரக்குள்ள சஹனையே விட்டுட்டு வந்தம், காசிம் நானா. மண்ணையா அள்ளிட்டு வாற?" ராத்தா சிரிக்கவில்லை. பிறகு, "ஏன், நீங்க பாதைக்குக் கொண்டுவந்த கிரவல் நல்ல சிவப்பு மண்தானே?"

மாமா தொண்டையைச் செருமினார். காரணம் இருந்தது. கடந்த தேர்தலுக்கு முன் எங்கள் பாதைக்கு என்று கிரவல் கொட்டினார்கள். அதைக் கொண்டுவரச் செய்தது தான்தான் என்று மாமா கடைக்குக் கடை சொன்னார். தேர்தல் முடிந்தது. பாதை வரவில்லை. கிரவல் குவியலில் முதலில் புல் முளைத்தது, பிறகு குவியலே குறைந்தது.

"அதுல இப்ப என்ன இருக்கு? ஊராக்கள் எல்லாம் அள்ளிட்டாங்க," என்றார் மாமா.

"மிச்சம் உங்கட முத்தத்துலதான் இருக்கு," என்றார் ராத்தா. "நீங்க வேனுக்கு ஷெட் போட்ட இடத்துல. நான் நேத்தும் கண்டன்."

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. "மண் யாருட மண்?" என்று மௌலவி பஸ்ஸுக்குள் இருந்து கேட்டார். "சொந்தக்காரர்ட சம்மதம் இருக்கணும்."

பஸ்ஸில் பாட்டு மாறியது.

"என்ட மண்தான்," என்றார் மாமா. "சம்மதம்."

அரசாங்கப் பாதை இப்படி எங்கள் வீட்டுக்கு இரண்டு வாளியில் வந்து சேர்ந்தது. போத்தலில் போட்டுக் குலுக்கினேன். தேநீர் நிறத்தில் கலங்கியது. நான் தலையாட்டியதும் கழுவத் தொடங்கினோம். உம்மா சேறு பூசினார், நானும் சாச்சியும் ராத்தாவும் தண்ணீர் ஊற்றினோம். மாமா கதிரையில் இருந்து, விரலில் மாட்டும் தஸ்பீஹ் மெஷினை அமத்தி அமத்தி எண்ணினார். இடையில் சாச்சி ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைத்ததில் கணக்குத் தவறி, ஒன்பது சஹன்களை மீண்டும் முதலிலிருந்து கழுவினோம். மணப்பெண்ணின் தாய் தன் மகளின் நிக்காஹ் நாளில் முழங்கை வரை அரசாங்கச் சேற்றோடு நின்றார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கழுதைகள் வரும் நேரம்

கடைசிச் சஹனைக் கவிழ்த்தபோது நான் போனை எடுத்து மௌலவியை மீண்டும் அழைத்தேன். இந்த முறை நானே கேட்டேன். தோட்டக் காவலுக்கு நாய் வைத்திருப்பது ஆகுமா, ஆகாதா?

"காவலுக்கு எண்டா ஆகும். வீட்டுக்குள்ள எடுக்காம, பேணுதலா இருந்துக்குங்க."

"காவலா? இதுவா?" மாமா எழும்பினார். "சரி. அஸர் முடிஞ்சு கழுதையள் வாற நேரம்தான் இப்ப. எல்லாருக்கும் முன்னால பாப்பம். தோட்டம் காவலானா வச்சிரு. இல்லாட்டி விடியப் போட்ல ஏத்துறன். சரியா?"

உம்மாவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாப்பா தோட்ட ஓரத்தில் தன் கதிரையில் இருந்தார். "சரி," என்றேன். கயிற்றை அவிழ்க்கும்போது பியூஸ் என் செருப்பை மோந்து பார்த்தாள்.

கழுதைகள் வந்தன. முன்னால் காது கிழிந்த பெட்டை, பின்னால் மூன்று. வேலி சரிந்த இடம் அவற்றுக்குத் தெரியும். பியூஸ் காதை நிமிர்த்தினாள். பிறகு ஓடினாள். அம்பு மாதிரி. சாச்சி "யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்தார். நானும் ஓரடி முன்னால் போய்விட்டேன்.

பியூஸ் காது கிழிந்த கழுதையை ஒரு சுற்றுச் சுற்றினாள். அதன் முன்னங்காலை மோந்தாள். பிறகு அதன் வயிற்று நிழலில் படுத்து, வாயை முழுவதுமாகத் திறந்து கொட்டாவி விட்டாள். கழுதை ஒரு பீட்ரூட்டைக் கிழங்கோடு பிடுங்கியது. மெல்லும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"மாஷா அல்லாஹ்," என்றார் மாமா.

அப்போது வாப்பா எழும்பினார். இரண்டு செருப்பையும் கையில் எடுத்தார். சாரத்தை மடித்துக் கட்டியதும் ஓடியதும் ஒன்றாக நடந்தன. "ஓய்! ஓய்!" என்று கத்தினார். கழுதைகள் வந்த வழியே பாய்ந்தன. பியூஸும் இதென்ன புது விளையாட்டு என்று வாப்பாவோடு ஓடினாள். இருவரும் வேலி வரை போய், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"மச்சான்," என்றார் மாமா, "நாய் ஒண்டும் செய்யல்ல. ஓடினது நீங்க."

"ஓம், நான்தான் ஓடின." வாப்பா கதிரையில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நாய் வர முந்தி இந்த நேரம் நான் எங்க இருப்பன்?"

"சந்தியில. கரம் போர்ட் அடிச்சிட்டு."

"அப்ப தோட்டத்த யார் பார்த்த?"

"யாரும் இல்ல."

"கழுதை எவ்வளவு திண்டிச்சு?"

உம்மா சொன்னார்: "ஒரு போகத்துப் பீட்ரூட்ல பாதி."

"இப்ப இந்த நாய் யாருட உடுப்புல மூக்க வைக்குமோ, எந்தச் சட்டியில வாய வைக்குமோண்டு பயத்துல, அஸர் தொழுதா நான் இந்தக் கதிரைய விட்டு எழும்பிற இல்ல. நாய நான் காக்கிறன். நான் இருக்கிறதால தோட்டம் காவலாகுது. நாய் போனா நான் சந்திக்குப் போயிடுவன்." வாப்பா செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தார். "நீங்க கேட்ட, தோட்டம் காவலாகுதா இல்லயாண்டுதானே?"

நான் பம்புகளைப் பொருத்திக் கொடுக்கும்போது தோட்டக்காரர்கள் தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். எந்தப் பாகம் என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. இதை மாமாவிடம் விளக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"இவர் சொல்றது சரிதான், நானா," என்றார் உம்மா. "அந்தச் சந்தியில இருக்கிற நேரம் இவர் இஞ்ச இருந்தா எனக்கும் நல்லம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அந்தப் பட்டியில இன்னொரு ஓட்டை போடு. தலைய உருவ ஏலாத மாதிரி."

மாமா கயிற்றைச் சுருட்டினார். நேரம் எடுத்துச் சுருட்டினார்.

"போட்ல ஒரு இடம் ஒதுக்கி வச்சிட்டன், மச்சான். அந்தக் காது கிழிஞ்ச கழுதையயாவது ஏத்தி அனுப்பட்டா?"

வாப்பா தன் காலடியில் படுத்திருந்த பியூஸைக் குனிந்து பார்த்தார்.

"அது இவட கூட்டாளி. இவட்டக் கேட்டுட்டுச் சொல்றன்."

ரகீமா ராத்தா முகத்தைச் சஹன்களின் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மாமா மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். அந்தச் சத்தத்துக்குப் பியூஸ் எழும்பினாள். வேலி வரை ஓடினாள். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, அவர் சந்தி திரும்பி மறையும்வரை விடாமல் குரைத்தாள்.

வாப்பா கதிரையில் சாய்ந்தார்.

"காவல்தான்," என்றார்.